இருட்டுக்கு ஒரு லென்ஸ்

எங்கள் வீட்டில் சாயங்காலம் வரிசை தவறாமல் வரும். முதலில் பழுப்பு அலமாரி காணாமல் போகும். அடுத்து சிவப்பு நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் சட்டை, சுவர்க் கடிகாரம். கை கழுவும் வெள்ளைத் தொட்டி மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அப்புறம் அதுவும் போய்விடும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் அறை அப்படியே இருக்குமாம். விளக்கைப் போடலாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று யோசிப்பார்களாம். எனக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

மாலைக்கண் என்று சொன்னால் ஆளாளுக்குக் கேரட் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரு வண்டி கேரட் தின்று தீர்த்தாயிற்று, பல்தான் தேய்ந்தது. என்னுடையது கேரட்டுக்கு மசியாத வகை, அப்பா வழியில் ரத்தத்தோடு வந்தது. கண் மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: முதலில் இருட்டு போகும், பிறகு ஓரங்கள் போகும், நடுவில் இருப்பது நெடுநாள் நிற்கும். பார்க்க ஆசைப்பட்டதை ஒத்திப்போட வேண்டாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

வெயிலில் என் கண்ணை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்குச் சம்பளமே அதற்குத்தான். பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள் நான். வீட்டுச் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். நான் வாசலுக்குப் போய்ச் சில்லை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, மஞ்சள் இன்னும் ஒரு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு என்பேன். சுவர் மேற்குப் பார்த்ததா என்று கேட்பேன். எப்படித் தெரியும் என்று அவர்கள் வாயைப் பிளக்கும்போது எனக்குத் தலைகால் புரியாது.

அந்தக் கடையில் மாட்டியிருந்த காலண்டரில்தான் குகையைப் பார்த்தேன். பாறைச் சுவர் முழுக்கக் கைகள். யாரோ எந்தக் காலத்திலோ உள்ளங்கையைப் பாறையில் வைத்து, சுற்றிலும் சிவப்பு மண்ணைக் கரைத்து ஊதிவிட்டுப் போயிருக்கிறார்கள். விரல் விரித்த கைகள், பெரியவை, சின்னவை. அது என்ன சிவப்பு என்று காலண்டரை வைத்துச் சொல்லவே முடியவில்லை. அச்சில் எல்லாச் சிவப்பும் பொய் சொல்லும். அந்த மாதம் முடிந்தும் தாளைத் திருப்ப மனம் வராமல் அப்படியே விட்டு வைத்தேன். பிறகு குகை என் தூக்கத்துக்குள் வந்துவிட்டது. விளக்கே இல்லாமல் எல்லாம் தெரிகிற குகை அது. நான் நடக்க நடக்கக் கைகள் மெல்ல அசையும். விழிக்கும்போது எந்தச் சிவப்பு என்பது நுனி நாக்கில் நிற்கும், வெளியே வராது.

மருத்துவர் மேசையைப் பார்த்துப் பேசிய அன்றே, குகைக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். விசாரித்ததில், உள்ளே விடுவார்கள், ஆனால் விளக்கு மிகவும் மங்கலாகத்தான் வைத்திருப்பார்கள், ஃபிளாஷ் கூடாது, டார்ச் கூடாது, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று தெரிந்தது. நிறம் கெட்டுவிடுமாம். நியாயம்தான். ஆனால் அந்த மங்கலில் மற்ற எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவ்வளவு தூரம் போய் ஒரு கறுப்பின் முன்னால் நின்றுவிட்டு வருவதற்கு வீட்டிலேயே கண்ணை மூடிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ரயில் எவ்வளவு தாமதமானாலும், எது ரத்தானாலும், குரலில் ஒரு சுருக்கம் விழக் கூடாது என்பதுதான் அவர் வேலை. வீட்டிலும் அதே குரல்தான். எனக்கு இருட்டில் அவருடைய முகம் கிடையாது, குரல் மட்டும்தான் உண்டு. அது எப்போதும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

என்னை யாராவது கையைப் பிடித்து நடத்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் மோசமான புதிதில் ஒரு படிக்கட்டில் அவர் என் முழங்கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டு, நான் என்ன மூட்டையா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை. எந்த இருட்டிலும் முன்னால் போய்விடுவார். கதவருகே நிற்கிறேன், நிதானமாக வா என்று தூரத்திலிருந்து குரல் வரும். நான் அந்தக் குரலைப் பார்த்து நடப்பேன். சினிமாக் கொட்டகை, மாடிப்படி, மின்சாரம் போன வீடு, எல்லாவற்றிலும் தனியாகத்தான் நடந்தேன். எதிலும் பெரிதாக முட்டிக்கொண்டதில்லை. என் காலுக்கே கண் முளைத்துவிட்டது என்று தங்கையிடம் பீற்றிக்கொள்வேன்.

தங்கை மகளின் பிறந்தநாளில்தான் அந்த அதிசயம் நடந்தது. கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி விளக்கை அணைத்தார்கள். வழக்கம்போல உலகம் போய்விட்டது, நாலைந்து சுடர்ப் புள்ளிகள் மட்டும். கொஞ்சம் பிடி என்று தங்கை கொடுத்த கேமரா என் கையில் இருந்தது. சும்மா கண்ணில் வைத்தேன். அறை திரும்பி வந்துவிட்டது. பலூன், திரைச்சீலை, பிள்ளைகளின் பல், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கேக்கின் ஓரத்தில் விரலை விட்டு நக்கும் தங்கை வீட்டுக்காரர், எல்லாம். நான் மூச்சை வெளியே விடவில்லை. விளக்கைப் போட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள், நான் அழுதுகொண்டிருந்தேன். மெழுகுவர்த்திப் புகை என்று சொல்லிவிட்டேன்.

தங்கைதான் பிறகு விளக்கினாள். மிர்ரர்லெஸ் கேமராவில் கண் வைக்கும் ஜன்னலுக்குள் ஒரு குட்டித் திரை இருக்கிறது. லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தைப் பெருக்கி அது காட்டும். லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடுகிறதோ அவ்வளவு தெளிவு. அன்று அதில் இருந்தது இரவல் லென்ஸ். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுக் கேமரா வாங்கியதும் பழையதை எனக்கே கொடுத்துவிட்டாள்.

"உடம்பு மட்டும்தான்க்கா. தலையை நீயே வாங்கிக்க."

பிறந்தநாள் அன்று என் வீட்டுக்காரர் பணியில் இருந்தார், இது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கையை மூட்டை கட்டிக்கொண்டு முன்னால் ஓடுவார். குகைக்குள் அது பலிக்காமல் போனால் என் ஏமாற்றத்தை நான் தாங்கிக்கொள்வேன், அவருடையதையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. குகையில் படம் எடுத்து வந்து வீட்டு வெளிச்சத்தில் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

விடுமுறை நாள் மத்தியானம் கேமராக் கடைக்குப் போனோம். கடை முதல் மாடியில். படிக்கட்டுக்கு ஜன்னலே இல்லை, வெயிலிலிருந்து உள்ளே காலை வைத்ததும் எனக்கு எல்லாம் அணைந்துவிட்டது. மேலேயிருந்து ரயில் நிலையக் குரல் வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. படிக்கட்டு இடது பக்கம் திரும்பும். மேல கதவுகிட்ட நிக்கிறேன், நிதானமா வா."

ஏறிப் போனேன். அவர் கனத்த ஆள், ஆனால் படி ஏறினால் ஒரு சத்தம் கேட்காது. பூனை ஜாதகம் என்று கிண்டல் செய்வேன். மேலே வெளிச்சத்துக்கு வந்தபோது, வழக்கம்போலக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சினிமா விட்டு வந்தாலும் இதே கூத்துதான். இத்தனை வருடத்தில் இந்த மனிதருக்கு ஒழுங்கான ஒரு செருப்பு வாய்த்ததில்லை.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பறவைப் படம் எடுப்பவர்கள் என்று முடிவு கட்டிவிட்டார். பயணத்துக்கு என்றதும் நீளமான ஒரு ஜூம் லென்ஸை எடுத்து வைத்தார். அகலத்திலிருந்து தொலைதூரம் வரை இது ஒன்றே போதும், எடையும் குறைவு என்றார். என் வீட்டுக்காரருக்கு அது உடனே பிடித்துவிட்டது, பையைச் சுமக்கப் போகிறவர் அவர்தானே. நான் குகையைச் சொன்னேன். கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு இன்னும் இரண்டை எடுத்தார். லென்ஸின் மேல் போட்டிருக்கும் எண் சின்னதாக இருந்தால் அதன் வாய் பெரிது, அதிக வெளிச்சம் குடிக்கும் என்றார். முதல் லென்ஸ் தூரத்தை இழுக்க இழுக்க வாயைச் சுருக்கிக்கொள்ளும். இரண்டாவதில் ஜூமே கிடையாது, ஆனால் பெரிய வாய். மூன்றாவது நடுத்தர ஜூம், இரண்டு புள்ளி எட்டு, எவ்வளவு இழுத்தாலும் வாய் சுருங்காது. அதைக் கையில் வாங்கினால் அம்மிக் குழவி.

வாசலுக்கு எடுத்துப் போய் மூன்றையும் மாட்டித் தெருவைப் பார்த்தேன். மத்தியான வெயிலில் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. எதிர்வீட்டுச் சுவரின் நீலம், சைக்கிள் மணி, ஒரு நாயின் கொட்டாவி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே தவிர, பொத்தானை அழுத்தவில்லை. கடைக்காரருக்குத் தாங்கவில்லை.

"அழுத்துங்கம்மா. காசா, பணமா?"

என் கண்ணைப் பற்றிச் சொல்ல என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். அடுத்த கேரட்டை இந்தக் கடைக்காரர் கையால் வாங்கித் தின்ன நான் தயாராக இல்லை. என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு, லேசான லென்ஸுக்காகத் தன் கட்சியைப் பேச ஆரம்பித்தார். படம் இருட்டாக வந்தால் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமாம், அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். நான் இருட்டான இடத்தில் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டேன். நான் நின்றால் நின்றதுதான் என்பது அவருக்குத் தெரியும். கடைக்காரர் பின்னால் இருந்த சரக்கு அறையைக் காட்டினார். பல்பு போய் ஒரு வாரமாகிறது, இதைவிட நல்ல இருட்டு இந்தத் தெருவில் கிடைக்காது என்றார். அதற்குள் வேறு யாரோ வந்துவிட, எங்களை விட்டுவிட்டுப் போனார்.

கதவை ஒரு விரல் இடைவெளிக்குச் சாத்தினோம். எனக்கு அறை இல்லாமல் போனது. அட்டைப்பெட்டி வாசனை மட்டும் இருந்தது.

முதலில் நீள லென்ஸ். கதவடியிலேயே நின்று கண்ணில் வைத்தேன். ஏதோ இருந்தது. தூரத்தை இழுத்ததும் திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது. கேமராவைத் திருப்பினால் படம் சோம்பலாகப் பின்னால் வந்தது. பிறந்தநாளில் கண்டது இது இல்லை. அது ஒரு நாள் கூத்துதானோ என்று சந்தேகம் வந்தது. என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

கதவைத் திறந்து, வெளிச்சத்தில் லென்ஸை மாற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தேன். ஜூம் இல்லாத லென்ஸில் அறை பளிச்சென்று வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் எதிர் அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியவில்லை. கிட்டே போனால் படிக்கலாம். குகையில் கிட்டே போக விடமாட்டார்கள்.

மூன்றாவது கனத்தது. இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் வைத்தேன். அறை வந்தது, கொஞ்சம் மணல் தூவிய மாதிரி. வளையத்தைத் திருப்பினேன். மேல்தட்டு மெல்ல மெல்ல என்னிடம் வந்தது. பெட்டியின் எழுத்து, அதன் மேல் படிந்த தூசி, தூசியில் யாரோ விரலால் இழுத்த கோடு. ஒரு பெட்டி மூலையில் சிவப்பு முத்திரை. அது சிவப்பாகவே இருந்தது. எனக்குத் தெரியாத இருட்டுக்குள் இத்தனை நாளாக எல்லாம் அதனதன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்திருக்கின்றன. தூக்கத்தில் நடக்கிற குகைக்குள் இருப்பதுபோலவே இருந்தது. நடந்து பார்க்க ஆசை வந்தது.

"நான் கொஞ்சம் உள்ள போறேன்" என்றேன்.

"தரையில பெட்டி இருக்கும். பார்த்துப் போ" என்றார் அவர். கதவுப் பக்கமிருந்து, அதே இஸ்திரிக் குரல். "நான் இங்க கதவுகிட்டயே நிக்கிறேன்."

மேல்தட்டைப் பார்த்தபடியே அடி எடுத்து வைத்தேன். இன்னொரு அடி. பிறகு, காலடியில் பெட்டி இருக்கிறதா என்று வளையத்தை அகலத்துக்குத் திருப்பி, கேமராவைக் கீழே இறக்கினேன்.

எனக்கு முன்னால் இரண்டு வெறுங்கால்கள் இருந்தன. என்னைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தன. வலது கால் ஒரு பெட்டியைச் சத்தமில்லாமல் ஓரத்துக்குத் தள்ளியது.

கேமராவை உயர்த்தினேன். இரண்டு கைகள். நடை பழகும் குழந்தைக்கு முன்னால் விரிப்பார்களே, அப்படி விரல் விரித்து, என் முழங்கைகளுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம். நான் அடி வைத்தபோது அவையும் நகர்ந்தன. நான் நின்றபோது நின்றன. தொடவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் காலுக்கு முளைத்த கண், நான் தங்கையிடம் அளந்த வீரம், எல்லாம் இந்த இரண்டு கைக்குள் நடந்த கூத்தா? வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று வளையத்தைத் திருப்பி முகத்தைக் கிட்டே இழுத்தேன்.

இருட்டில் அவர் முகத்தை நான் பார்த்தே எத்தனையோ வருடமாகிவிட்டது. வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய முகம் அல்ல அது. உதட்டைக் கடித்துக்கொண்டு, என் கால்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், பயந்துபோன ஒரு முகம். வயதான முகம்.

"எங்க இருக்கீங்க?" என்றேன்.

அவர் முகத்தை என் தோளைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த கதவுப் பக்கம் திருப்பி, உள்ளங்கையை வாயோரம் அணை கட்டிக்கொண்டு சொன்னார்: "கதவுகிட்டதான். ஏன்?"

கதவில் பட்டுத் திரும்பிய குரல் கதவருகேயிருந்துதான் வந்தது. அவர் தொழில் அது. சொல்லி முடித்ததும் கை மறுபடி என் முழங்கையோரம் வந்து நின்றது. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு தடவை உதறியதற்காக இந்த மனிதர் ஆயிரம் இருட்டில் வெறுங்காலோடு பின்னோக்கி நடந்திருக்கிறார். நான் தனியாக நடந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"செருப்பைப் போட்டுக்குங்க" என்றேன். "தரையெல்லாம் தூசி."

முதலில் அவருக்குப் புரியவில்லை. தன் காலைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை நான் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி, விரித்த கைகளை மெல்ல இறக்க ஆரம்பித்தார்.

"கையை இறக்க வேணாம்."

இறக்கவில்லை. நான் நடந்தேன். கிட்டே போகப் போக அவர் திரையில் கலங்கி வெறும் நிறமானார். கேமராவை இறக்கினேன். எல்லாம் அணைந்தது. அணைந்த பிறகும் கைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருந்தது, நேராகப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரியுதா?" என்றார். இஸ்திரி கலைந்த குரல். நான் கேட்டிராத குரல்.

தெரிகிறது என்றேன். பிறந்தநாளில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். குகைச் சுவரும் தெரியும், மேல்தட்டுச் சிவப்பே தெரிகிறதே என்றேன். அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, அந்த அம்மிக் குழவியையே வாங்கலாம், தான் சுமக்கிறேன் என்றார். சுமப்பது என் கழுத்து, உங்கள் வேலை வேறு என்றேன்.

வெளியே கடைக்காரர் ஆவலாகக் காத்திருந்தார். படம் எப்படி வந்தது, காட்டுங்கள் என்றார். ஒன்றும் எடுக்கவில்லை, இதையே கொடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சிவந்த கண்ணோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பெட்டியைத் தேடப் போனார். சரி போகட்டும் என்று, அவர் திரும்பி வந்ததும் நானே சொன்னேன், எனக்கு மாலைக்கண், இது படம் எடுக்க இல்லை, பார்க்க என்று. கேரட் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொள்ள அகலமான கழுத்துப்பட்டை ஒன்றை எடுத்து அவரே மாட்டிவிட்டார்.

படிக்கட்டின் மேல்படியில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவர் இரண்டு படி கீழே இறங்கி, என்னைப் பார்த்துத் திரும்பி, பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். குனிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நேரா நடங்க" என்றேன். "பின்னாடியே இறங்கி விழுந்து வைக்காதீங்க."

அவர் முன்பக்கம் திரும்பி, ஒரு கையை மட்டும் பின்னால் எனக்காக நீட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்தார், அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. பரவாயில்லை. எனக்கு வழி தெரிந்தது. அவர் முன்னால் போக, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இருட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.